அம்மாவின் கண்ணும் நீ அனுப்பிய சூப்பும்

அன்புள்ள மகளுக்கு,

இன்று காலை நிலவரப்படி உன் அம்மாவின் ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்திரண்டு. சொன்னவர் டாக்டர், கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், நானும் கருவியை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மற்றபடி இருவரும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். என்ன அழுத்தம், எப்போதிலிருந்து என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டதும் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டு, முழங்கையால் என் விலாவில் இடித்தே செய்தித் தணிக்கை செய்கிறாள். அவள் கண் ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். இடம் இருந்தது, டாக்டரும் இருந்தார், இவள் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு மணப்பெண் மாதிரி உட்கார்ந்தும் விட்டாள். இரண்டு தடவை போனோம், அழுத்தம் நூற்று எண்பது காட்டியதால் இரண்டு தடவையும் அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரிந்தால் லீவு போட்டு வந்து நிற்பாய் என்று என் வாயை மூடச் சொன்னாள்.

இதற்கிடையில் கண்ணில் புரை முற்றிக்கொண்டே போகிறது. தையல் மெஷினில் ஊசிக்கு நூல் கோர்ப்பது இப்போது என் உத்தியோகம், அதிலும் தினமும் திட்டு வாங்குகிறேன். போன மாதம் எதிர்வீட்டு டீச்சரின் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவிட்டாள். டீச்சர் நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், நாள் முழுக்க ஒரு தோளைத் தூக்கியபடியே பாடம் நடத்தினாராம். இதைக் கேட்டு நான் சிரித்தேன், உன் அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தைக்கப் புதுத் துணி எதுவும் யாரிடமும் வாங்கிக்கொள்வதில்லை, பட்டன் வைக்கிற வேலை மட்டும்தான். போன வாரம் மெஷினுக்கு உறை போட்டு மூடி, அதன் மேல் இஸ்திரித் துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்காததுதான் டாக்டருக்கு விளங்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா என்று கேட்டால், கீரை, பருப்பு, அவித்த காய், உப்பைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாளாச்சு என்று சாமியார் மாதிரி பதில் வரும். டாக்டர் என் பக்கம் திரும்புவார், ஏதோ நான்தான் ராத்திரியில் அவள் வாயில் உப்பை அள்ளிப் போடுகிறவன் மாதிரி. வீட்டில் உப்பைப் பாதியாக்கினோம், பிறகு அதிலும் பாதியாக்கினோம். உன் சின்ன மாமா ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு, அக்கா, இதைச் சமைச்சீங்களா இல்ல துவைச்சீங்களா என்று கேட்டார். அப்போதும் கருவி அதே எண்ணைத்தான் காட்டியது.

குட்டை உடைத்தது ஒரு பை. உன் அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பளபளவென்று வெள்ளி உறைகளைக் கழுவிக் காய வைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மீன் தண்ணீர் ஒழுகாத கடைப்பை ஒன்று பண்ணியிருந்தாள். அதில்தான் நானும் வாரா வாரம் மீன் வாங்கி வந்தேன், யார் கேட்டாலும் வீட்டில் தைத்தது என்று பெருமையும் பட்டேன். நிருபர் வேலையில் இருந்த காலமெல்லாம் செய்திக்காக அடுத்தவன் வீட்டுக் குப்பையைக் கிளறியே பிழைத்தவன், கையில் தொங்கிய பை எதனால் ஆனது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டார். மாத்திரை எடுத்துப்போக அன்றைக்கு அதே பையைக் கொண்டுபோயிருந்தாள், மேஜை மேல் வைத்தாள், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, ஒரு பாக்கெட்டிலேயே ஒரு நாளைக்கான உப்புல முக்கால்வாசி இருக்கே, இதெல்லாம் யார் குடிச்சது என்றார். பையைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு உன் அம்மா, ஒரு பைக்கு இருபது பாக்கெட் பிடிக்கும் டாக்டர், இது ரெண்டாவது பை என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் நீ பார்சலில் அனுப்பிய சூப் பொடி பாக்கெட். அலமாரியின் மேல் தட்டில் சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மதியம் நான் தூங்குகிற நேரத்தில் வெந்நீர் வைத்துத் தினமும் குடித்திருக்கிறாள். ருசிக்காகவா என்று கேட்டேன், ருசியா, பல் தேய்ச்ச தண்ணி மாதிரி இருக்கு என்றாள். பிறகு ஏன் என்றால் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், நீ அங்கே வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்து இதைத்தான் குடிக்கிறாயாம், அந்த நேரம் இங்கே மதியமாம், கூட ஒரு ஆள் குடிச்சா என்ன கெட்டுப் போச்சு என்றாள்.

ஆனாலும் அலமாரி நிறைய மிச்சம் இருந்ததே. தூக்கிப் போடலாம் என்றதும் வீடு இரண்டானது. புள்ளை சம்பாத்தியத்துல வாங்கினது, சாப்பாட்டை வீணாக்குற கை விளங்குமா என்கிறாள். உன் வயிறு என்ன மிச்சம் மீதியைக் கொட்டுகிற வாளியா என்கிறேன் நான். சின்ன மாமா தான் தியாகம் செய்வதாகச் சொல்லி ஒரு கட்டு எடுத்துப்போனார், மூன்று நாளில் விரல் வீங்கி மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றியதாக மாமியே போன் செய்து சொன்னாள். முடிவில் சூப்புக்குப் பதவி இறக்கம் கொடுத்துவிட்டோம். விருந்தாளி வந்தால் பெரிய சட்டி காய்க்கு ஒரு பாக்கெட், அதற்கு மேல் வேறு உப்புக் கிடையாது. வீணும் இல்லை, வினையும் இல்லை. எங்கள் இருவருக்கும் நான் கீரைத்தண்டு, பட்டாணித் தோல், கோழி எலும்பு, பூண்டு எல்லாவற்றையும் போட்டு முதல் தடவை வைத்த சூப்பைப் பாத்திரம் கழுவின தண்ணி என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டாள். வெங்காயத்தை அவசரப்படாமல் சிவக்க வதக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றணும், அது கூடவா தெரியாது என்று கரண்டியைப் பிடுங்கிக் காட்டினாள். இப்போது இரண்டு கிண்ணம் குடிக்கிறாள். முன்பு குப்பைக்குப் போன தண்டெல்லாம் சட்டிக்குப் போகிறது, வாளி பாதிகூட நிறைவதில்லை.

எண் நூற்று ஐம்பத்திரண்டுக்கு வந்தது இப்படித்தான். நூற்று நாற்பதுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும் என்கிறார் டாக்டர், ஆனால் நடுவில் சில நாள் துள்ளுகிறது. விசாரித்ததில் மதியச் சூப்புக் கச்சேரி முழுதாக நிற்கவில்லை என்று தெரிகிறது. நேரடியாகவே கேட்டேன். அவ நிறுத்தட்டும், நானும் நிறுத்துறேன் என்றாள். ஆக ஆபரேஷன் இப்போது உன் அடுப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போடுகிற உனக்கு ஒரு பருப்பு வேக வைப்பது பெரிய வித்தை இல்லை. லீவு நாளில் ஒரு சட்டி பருப்பும் ஒரு சட்டி காயும் செய்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறைய வை. வேலைக்குப் பிறகு அதைச் சுட வைக்கிற நேரம்தான் வெந்நீர் கொதிக்கிற நேரமும். பசியோடு கடைக்குப் போகாதே, இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கு, வாடின காயை முதலில் வெட்டு. பார்சல் அனுப்பாதே. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நூல்கண்டு அனுப்பு, அதை அவளால் குடிக்க முடியாது.

சமைத்தேன் என்று நீ சொன்னால் நம்ப மாட்டாளாம். தட்டைக் காட்டினால் கடையில் வாங்கி வைத்துக் காட்டுவாய் என்கிறாள். குப்பை வாளியைக் காட்டச் சொல்லுங்க, வெங்காயத் தோல் பொய் சொல்லாது என்பது அம்மையார் விதித்த நிபந்தனை. இதை எழுத அனுமதியும் அவளே கொடுத்தாள், முடித்ததும் படித்துக் காட்ட வேண்டுமாம். டீச்சர் சட்டை வரும் இடத்தில் எனக்கு இருமல் வரும். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, உடம்பு கெடாமல், வாய் கொழுப்புக் குறையாமல் இரு. ராத்திரி வீடு திரும்பும்போது விளக்கு உள்ள தெரு வழியாக வா.

நிலுவையில் இருப்பவை இரண்டு. டாக்டர் மறுபடி பார்ப்பது அடுத்த மாதம் முதல் திங்கள், எண் நின்றால் அந்த வாரமே கண் ஆஸ்பத்திரியில் தேதி. அதற்கு முன்பாக, இந்தக் கடிதம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனைக் கொஞ்சம் தாழ்த்தி வாளிக்குள் காட்டு. அவளுக்கு மங்கலாகத்தான் தெரியும். என்ன தெரிகிறது என்று என்னைத்தான் கேட்பாள், அவளுக்காக உன்னிடம் சொன்ன பொய்யே போதும், உனக்காக அவளிடம் நான் பொய் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
நூல் கோர்க்கும் உத்தியோகத்தில் இருக்கும்
உன் அப்பா