இரண்டு பொட்டுக் கதிரை

அக்கா,

என் விரல்களில் நகப்பூச்சு அழிக்கிற திரவம் மணக்கிறது. இந்த வயதில் உனக்கு என்ன நகப்பூச்சு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். உங்கள் கதிரையில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். முதுகுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. மனதுக்கு இல்லை.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், பீலெஃபெல்டில் நீங்கள் மேல்வீட்டிலும் நான் கீழ்வீட்டிலுமாக இருந்த காலம். சனங்கள் பழைய தளபாடங்களைத் தெருவோரம் வைக்கிற நாளில் இருவரும் ஒரு சுற்று நடந்து வருவோம். நம்மவர் யாராவது எதிரே வந்தால், பாண் வாங்கப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். அப்படிக் கிடைத்தவைதான் அந்த ஆறு கதிரைகள். உருண்டையான நான்கு கால்கள், முதுகு சாய ஒரேயொரு அகலப் பலகை, கயிற்றால் பின்னிய இருக்கை. அலங்காரம் என்று ஒரு கீறுகூட இல்லை. வீட்டுக்கார ஜெர்மன் அம்மா வெளியே வந்து, ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு அப்போது அவர்களின் டொச் பாஷை ஓடாது. நீங்கள்தான் சொன்னீர்கள்: "டென்மார்க்கில செய்ததாம். சின்ன வீடுகளில இருக்கிற சாதாரண சனத்துக்கெண்டே யோசிச்சுச் செய்ததாம். அப்ப எங்களுக்குத்தான்."

யார் யார் இருந்து எழும்பியதோ என்று, வீட்டுக்குள் எடுக்கமுதல் முற்றத்தில் வைத்துச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் இருக்கைகள் தொட்டில் மாதிரித் தொங்கின. நாங்கள் கயிறு என்று நினைத்தது முறுக்கிய கடதாசி. "ஆரும் கதிரையைக் கடதாசியில பின்னுவினமே?" என்று நீங்கள் கேட்க, நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அயல்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வெயிலில் காய்ந்து ஓரளவு இறுகின. தண்ணீர் மட்டும் இதற்கு ஆகாது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டோம்.

ஆளுக்கு மூன்றாகப் பிரித்தோம். ஊரில் கலியாண வீட்டுச் சமையலுக்கு இரவல் போகிற கிடாரத்துக்கு அடையாளம் வைக்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகுமா? கதிரையைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் என் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தோம். என்னுடையவற்றுக்கு ஒன்று, உங்களுடையவற்றுக்கு இரண்டு. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு படியில் ஏறி இறங்குவோம். ஆறும் ஒரு மேசையைச் சுற்றி நிற்கும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பீர்கள். "பிரிச்சு வச்சால் வடிவில்லையடி" என்பீர்கள். நான் அதைச் சும்மா சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு நீங்கள் கொலோனுக்கு வீடு மாறினீர்கள். மகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த அன்றைய விருந்துக்கு என் மூன்று கதிரைகளையும் இரவல் கேட்டீர்கள், வான் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழுதீர்கள். "வீட்டுக்குக் கீழ, கெல்லருக்குள்ள இறக்கி வச்சனான். குழாய் வெடிச்சுத் தண்ணி நிரம்பிட்டுது. உன்ர மூண்டும் ஊறிப் போச்சு, எறிஞ்சிட்டன்." நான் உங்களைத் தேற்றினேன். தண்ணீர் என்று சொன்ன பிறகு நான் எப்படி நம்பாமல் விடுவேன்? அந்த முற்றத்தில் நானும்தானே வாளியோடு நின்றேன்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. "நீ ரெயினில அலையாதை, நாங்கள் வாறம்" என்பீர்கள். என்மேல் எவ்வளவு கரிசனை என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். வந்து, நான் கடையில் வாங்கிய இரும்புக்கால் கதிரையில் இருந்துகொண்டு, "இது முதுகுக்குச் சுகமில்லை" என்று குறை வேறு சொல்வீர்கள். வருத்தம் வந்தபோதும் ஆஸ்பத்திரியில்தான் உங்களைப் பார்த்தேன்.

உங்களை அடக்கம் செய்த முப்பத்தொராம் நாள் பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். மேசையைச் சுற்றி ஆறும் நின்றன.

"ஆன்ரி, இருங்கோ. நீங்கள் குடுத்த கதிரைதானே" என்றாள் உங்கள் மகள். "வீடு மாறேக்க உங்கட மூண்டையும் குடுத்துவிட்டனீங்களெண்டு அம்மா எப்பவும் சொல்லுவா." வீடுகளை உள்ளே வடிவமைக்கப் படித்தவள் அல்லவா, ஒன்றைக் கவிழ்த்தும் காட்டினாள். "மூண்டில ஒரு பொட்டு, மூண்டில ரெண்டு. டென்மார்க் பட்டறையில ரெண்டு பேர் செய்திருப்பினம், அவையின்ர அடையாளமாக்கும். ஒருத்தரையும் சுரண்ட விடயில்லை."

உண்மை வாய்வரை வந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. தாயைப் புதைத்து ஒரு மாதம் ஆன பிள்ளை. "ஓம் பிள்ளை, நான்தான் குடுத்தனான்" என்றேன்.

கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். பொய். தந்திருக்க மாட்டேன், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் என் நெஞ்சை அறுப்பது கதிரை போனதில்லை. மூன்று கதிரைகளை மறைக்க, இத்தனை வருடம் என்னை உங்கள் மேசையில் இருத்தி ஒரு பிடி சோறு போடாமல் விட்டீர்களே. சாதாரண சனம் கூடியிருந்து சாப்பிடச் செய்த கதிரைகள் அக்கா அவை. துரோகம் என்று உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை. நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில்தானே அந்தப் பொய்யைப் பிள்ளையிடம் விட்டுப் போனீர்கள்?

வெளிக்கிடும்போது உங்கள் மகள் ஒரு கதிரையை என் காரில் ஏற்றிவிட்டாள். "அம்மான்ர நினைவா வச்சிருங்கோ." வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு பொட்டு. உங்களுடையது.

இரண்டு கிழமையாக அதில் நானும் இருக்கவில்லை, வேறு யாரையும் இருக்க விடவுமில்லை. இன்று காலை பஞ்சை அந்தத் திரவத்தில் நனைத்து ஒரு பொட்டை அழித்தேன். சுலபத்தில் போகவில்லை, மரத்துக்குள் இறங்கியிருந்தது. இப்போது ஒரு பொட்டுத்தான் இருக்கிறது. இனி இது என் கதிரை. உங்கள் பொய்யும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அதை அழிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் உங்கள் மகளைச் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன். இந்தக் கதிரையில்தான் இருத்தப் போகிறேன். கவிழ்த்துப் பார்ப்பாளோ தெரியாது. பார்த்துவிட்டு மற்றப் பொட்டு எங்கே என்று கேட்டால், இந்தமுறை உங்களுக்காகப் பொய் சொல்ல என்னால் ஏலாது.

உங்கள் கீழ்வீட்டுக்காரி