அறுபது மணித்தியாலச் செய்முறை

ஓப்பநாயக்க
06.05.2024

அன்புள்ள பளீலா,

இந்த மலையில் போனுக்கு சிக்னல் இல்லை. அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் இருபது தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அத்தனைக்கும் வயர் இழுத்தது நான்தான். எல்லோரும் என்னையும் மேஸ்திரிமார் போல "கரண்ட் பாஸக்கா" என்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் இருபத்தெட்டுப் பேரில் நாம் இருவர்தான் பெண்கள், நினைவிருக்கிறதா? அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் தெஹியோவிட்டயில் றப்பர் பால்தான் வெட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு சந்தேகம். மழை தொடங்கியதிலிருந்து நாலு வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து கரண்ட் நின்றுவிடுகிறது. ஜனங்கள் சத்தம் போட்டார்கள். கொன்ட்ராக்டரிடம் சொன்னேன். தங்கச்சி முறையில் என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, அந்த சுவிட்ச விட்டுட்டு டிரெக்டா குடுங்க. ஈரம் காஞ்சா சரியாயிரும்" என்றார். கொடுத்துவிட்டேன். இப்போது விழுவதில்லை. ஆனால் நாலாம் வீட்டு சீதாதேவி அக்கா, "ஃபிரிட்ஜத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குங்க" என்கிறார். அது எதனால்? நான் லீவு போட்ட நாளில் இந்தப் பாடம் நடந்ததா? உன் பாடக் கொப்பியைப் பார்த்துச் சொல்.

உன்
சுமித்ரா

---

ருவான்வெல்லை
11.05.2024

பிரியமுள்ள சுமித்ரா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. டிரெக்ட் கொடுத்த நாலு வீடுகளிலும் உடனே மெயினை நிறுத்து. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், முதலில் போய் நிறுத்திவிட்டு வா.

பக்கத்துக் கடை பவாஸ் நானா பழைய எலெக்ட்ரீஷியன். அவரிடம் கேட்டேன். சுவிட்ச் விழுவது பழுது இல்லையாம். எங்கேயோ கரண்ட் கசிவதால்தான் விழுகிறதாம்.

நீ தவறவிட்டது எதுவுமில்லை. அந்தப் பாடம் நடக்கவேயில்லை. கசிவு பார்க்கும் மீட்டர் இன்னும் பெட்டி பிரிக்காமல் நிலையத்து அலுமாரியில் கிடக்கிறது. பரிசோதிக்க ஆட்கள் வருவதற்கு முன், அறுபது மணித்தியாலம் செய்முறை நடந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். "எல்லா எடத்துலயும் இப்படித்தான். புள்ளைகளுக்கு வேல கெடைக்க வேணாமா?" என்றார் நமக்குப் படிப்பித்த சேர். இருபத்தெட்டுப் பேருக்கும் எழுதியது நான்தான். அதற்குப் பிறகுதான் நிலையத்தில் எனக்கு இந்த அலுவலக வேலை கிடைத்தது.

இதை யாரிடமும் சொல்லிவிடாதே. உனக்குப் பத்துத் தடவை போன் எடுத்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை.

பளீலா

---

ஓப்பநாயக்க
18.05.2024

பளீலா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சீதாதேவி அக்காவைப் புதன்கிழமை அடக்கம் செய்தோம்.

திங்கட்கிழமை பின்னேரம் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் வைத்த கை அப்படியே ஒட்டிக்கொண்டது. மகள் கலைச்செல்வி விறகுக்கட்டையால் தட்டித்தான் விடுவித்தாள். நான் ஓடிப்போய் நின்றபோது அந்தப் பிள்ளை தாயின் காதில் குனிந்து, "பாஸக்கா வந்துட்டாங்க, இனி ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

இருபது வீடுகளிலும் மெயினை நிறுத்திவிட்டேன். "இடி விழுந்துச்சுன்னு சொல்லுங்க நங்கி" என்கிறார் கொன்ட்ராக்டர். இருபத்தெட்டாம் திகதி பொலிஸில் என் வாக்குமூலம்.

நீ சனிக்கிழமை எழுதியிருக்கிறாய். அவிசாவளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ். ஞாயிறு மத்தியானத்துக்குள் நீ இங்கே வந்திருக்கலாம்.

சுமித்ரா

---

ருவான்வெல்லை
22.05.2024

சுமித்ரா,

பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தேன். உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வதென்று பயந்து திரும்பிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஆனால் யோசித்துப் பார். போனவர் திரும்பி வரப்போவதில்லை. டிரெக்ட் கொடுத்தது உன் கை, முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள். இருபத்தெட்டுப் பேரின் சான்றிதழும் செல்லாமல் போகும். நம்மோடு படித்த சதீஸின் வீட்டில் அவன் ஒருவன்தான் உழைக்கிறான், உனக்குத் தெரியும். அது இடியாகவே இருக்கட்டும். என் கடிதத்தை எரித்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பளீலா

---

ஓப்பநாயக்க
29.05.2024

பளீலா,

உன் கடிதத்தைப் பொலிஸில் கொடுத்துவிட்டேன். டிரெக்ட் கொடுத்தது என் கைதான் என்பதையும் சொல்லிவிட்டேன். வழக்கு வரும் என்கிறார்கள். கலைச்செல்வி பொலிஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சதீஸைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் இப்போது ஒரு பாடசாலைக்கு வயர் இழுக்கிறான். நம் வகுப்பு ரிப்கான் ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளை பெறும் வார்ட்டில் வேலை செய்கிறான். நேற்று பொலிஸிலிருந்து வரும் வழியில் டவுனில் நின்று இருவருக்கும் போன் எடுத்தேன். ரிப்கான் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இங்கயும் மழைக்கு சுவிட்ச் விழுந்திச்சி. நானும் டிரெக்டாத்தான் குடுத்திருக்கேன்" என்றான். மெயினை நிறுத்த ஓடுவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டான்.

நம் நாலு பேரை விட்டால் இன்னும் இருபத்து நாலு பேர். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் உன் அலுவலகத்தில்தான் இருக்கிறது. இங்கே மழை விடவில்லை. அங்கேயும் விட்டிருக்காது.

எனக்கு இனி எழுதாதே. நேரில் போய் அவர்களிடம் சொல்.

சுமித்ரா