மூன்றாவது ரிமோட்

புதன், இரவு.

போன மாதம் காருக்குப் பொருத்தின அலாரம் பின்னேரங்களிலை காரணமில்லாமல் கத்துது. வளவு மாமரத்துக்குக் கீழை ஓடிப்போய்ப் பார்த்தால், நான் பூட்டிவிட்ட கார்க் கதவு பூட்டுத் திறந்து கிடக்கும். பக்கத்து வீட்டு அண்ணையிலை சந்தேகப்பட்டு, அவரோடை கதைக்கிறதையும் விட்டிட்டன்.

இண்டைக்குக் காரைச் சுன்னாகத்துக்கு, அலாரம் பொருத்தினவரிட்டையே கொண்டுபோனன். அவர் சோதிச்சுப் பார்த்தார். என்னட்டை இருக்கிறது இரண்டு ரிமோட். அலாரத்திலை மூன்று பதிவாகியிருந்தது.

"மற்றது ஆரிட்டை?" எண்டு கேட்டன்.

"தெரியாது அண்ணை. அதை அழிச்சிட்டன்," எண்டார், என்ரை முகத்தைப் பாராமல்.

வெளிக்கிடேக்கை சொன்னார்: "அந்த மாமரத்துக்குக் கீழை விடாதேங்கோ. காய் விழுந்தாலும் கத்தும்."

ஓம் எண்டிட்டு வந்திட்டன். பாதிவழியிலைதான் உறைச்சது. அவர் எங்கடை வளவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கேற் பூட்டியிருக்கோ எண்டு இன்னொருக்காப் பார்த்திட்டு வாறன்.