பிணம் எழுந்து உட்கார்ந்த காட்சி

கலைமணி கண்ணு,

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கிறது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடு.

சினிமாப் படிப்பில் ஒரு வருசம் முடித்து, லீவுக்கு வந்து நீ சாதித்தது பெத்த அப்பனைப் பாடையில் படுக்க வைத்ததுதான். பஸ் ஓட்டி ரிட்டையரானவனுக்கு இதைவிடப் பெரிய ஓய்வு கிடைக்காதென்று நினைத்தாயோ? ஈ மொய்க்கட்டும் என்று மூக்கில் வெல்லப்பாகு தடவினாய். கொல்லிமலை ஈயெல்லாம் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டது. அப்போதும் அசைந்தேனா?

கடைசியில் எழுந்து உட்கார்ந்ததும், "ரெண்டாம் வருசத்துக்குக் கொண்டுபோற படமே போச்சுங்கப்பா!" என்று குதித்தாய். ஒன்றும் போகவில்லை. மத்தியானம் நீ பஸ் ஏறுவதற்குள் மறுபடி எடுக்கலாம். கண்ணாயி அத்தையைக் கூப்பிடத்தான் போகிறேன். "உசுரோட இருக்கறவருக்கு ரெண்டாந்தரம் ஒப்பாரி வெக்கமாட்டேனுங்கண்ணா" என்று நேற்றே முறுக்கிக்கொண்டாள். சேவல் குழம்பு என்றால் மலைக்கே அழுவாள்.

அப்பா

எழுத விட்டுப்போச்சு: இந்தத் தடவை அம்மாவைச் சேர்க்காதே. நேற்று என் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது நடிப்பில்லை, கண்ணு. அதற்குத்தான் எழுந்தேன்.