பொகவந்தலாவையில் கொதிக்கும் தண்ணீர்

1963 ஆகஸ்ட் 4

விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தாயிற்று. ஒரே பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் இல்லை, மலையும் இல்லை. உலகத்தை இன்னும் படைத்து முடிக்காத ஒரு காலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

புவியியல் என் முதன்மைப் பாடம், அதில் தேறிவிடுவேன். துணைப்பாடமாக எடுத்த பௌதிகம்தான் ஊசலாடுகிறது. செய்முறையில் புள்ளி போதவில்லை. "ஊரில் எதையாவது நீயே அளந்து அறிக்கை எழுதி வா. சரியாக இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் விட்டுவிடு" என்று விரிவுரையாளர் ஒரு வெப்பமானியைக் கொடுத்தனுப்பினார்.

எதை அளப்பது? மூட்டத்தையா?

ஆகஸ்ட் 7

மூட்டத்தைத்தான் அளந்தேன். குளிராக இருக்கிறது என்று தெரிந்தது. அது பக்கத்து வீட்டு அழகனின் ஆட்டுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 9

அம்மா கேட்டார்: "பௌதிகம் படிச்சாத்தான் டீச்சராக்குவாங்களா?"

"இல்லம்மா, புவியியலே போதும்."

"அப்ப அது எதுக்குடி?"

மூட்டம் விலகி, மலை தெரிந்து, மறுபடி மூடிக்கொள்கிறது. அந்தத் திரையை இழுக்கும் கையைப் பார்க்க ஆசை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 12

அப்பா முகம் செத்து வந்தார். பங்களாக் குசினியில் இத்தனை வருஷம் சமைத்தவர். போன மாதம் தோட்டத்துத் தொரையைக் கட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்த தொரசாணி, முட்டை அவிக்க நேரம் பார்க்கும் ஒரு மணல் கண்ணாடி கொண்டுவந்திருக்கிறாள். மணல் இறங்கி முடிந்ததும் முட்டையை எடுக்க வேண்டும். எடுத்தால் தினமும் உள்ளே வழவழ.

தண்ணீர் கொதிக்கும் முன்பே முட்டையைப் போட்டுவிட்டு அப்பா பொய் சொல்கிறாராம். மாத முடிவுக்குள் திருந்தாவிட்டால் தேயிலை மலை வேலைக்கு அனுப்பிவிடுவாளாம்.

"கொதிச்ச பெறகுதான் போடுறேன் பாப்பா. வயசாயிருச்சு, கை தப்புது போல."

அப்பா பொய் சொல்றாரா? அப்பாவா? எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.

ஆகஸ்ட் 13

எங்கள் அடுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். தளதளவென்று கொதித்தது. வெப்பமானி தொண்ணூற்றைந்தில் நின்றது. விறகைத் தள்ளினேன். பாதரசம் அசையவில்லை.

நூறு என்பது கடல் மட்டத்துக் கணக்கு! பரீட்சையில் எழுதியவள், நாலாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு மறந்திருக்கிறேன். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு; தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. தோட்டத்தில் நம்மை அழுத்தாதது காற்று ஒன்றுதான்.

அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"கொழும்புல அந்த மணல் எறங்குறதுக்குள்ள முட்டை வெந்திருக்குமா?"

"வெந்திருக்கும்ப்பா."

"அப்ப என் கையில கோளாறு இல்ல."

வெளியே போய் மூட்டத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 15

அப்பா தொரசாணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டுத் தொரையிடம் கேட்டாளாம். தொரை பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "ஆமா, மலையில அப்படித்தான்" என்றாராம்.

தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சே அந்த வழவழ முட்டையத் தின்னுக்கிட்டு, அப்பா திட்டு வாங்கறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

இன்று மணல் கண்ணாடியை இரண்டு தரம் கவிழ்த்தார்கள். முட்டை வெந்தது. வருத்தம் என்று ஒரு சொல் கிடையாது. அப்பாவுக்குக் குசினி மிஞ்சியதே சந்தோஷம். "விடுடி" என்கிறார். எப்படி விடுறது?

செப்டம்பர் 2

திரும்பும் பயணம். ஹட்டன் ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையில், கொதிக்கிற கேத்தலுக்குள் வெப்பமானியை விட்டேன்.

"என்ன தங்கச்சி, தண்ணிக்குக் காய்ச்சலா?"

"ஆமாண்ணே. கீழ போகப் போக ஏறும்."

ஏறியது. நாவலப்பிட்டியில் தொண்ணூற்றெட்டு. ரயில் இறங்க இறங்க, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் கம்பளிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக என்மேல் போர்த்திக்கொண்டே வருவதாக நினைத்துக்கொண்டேன். சுரங்கம் வந்தது. கண்ணை மூடினேன். கண் மூடியும் வெளிச்சமாக இருந்தது.

செப்டம்பர் 6

விரிவுரையாளர் அறிக்கையைப் படித்தார்.

"இதில் முட்டை எதற்கு?"

"அங்கேதான் தொடங்கியது, சேர்."

"உன் அப்பா பெயர் எதற்கு?"

"அவர்தான் முட்டையைப் போட்டவர்."

பேனாவை எடுத்தார். எதையும் அடிக்கவில்லை.

அக்டோபர் 1

பௌதிக ஆய்வுகூடத்தில் இன்று கொதிநிலைப் பரிசோதனை. பக்கத்துப் பெண் கொழும்புக்காரி. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே 'நூறு' என்று எழுதப் போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொறுங்க. கொதிக்கட்டும்."