வெள்ளை பெல்ட்டும் குளியலறைக் கதவும்

வெள்ளை பெல்ட் கட்டிய என் வீட்டுக்காரருக்கு,

டேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்து மூன்றே வாரம். அதில் கொரியாக்காரர்கள் காலால் பலகையை உடைப்பார்கள். நீங்கள் குளியலறைக் கதவை உடைத்தீர்கள். "முதல்ல முட்டியைத் தூக்கணும், அப்புறந்தான் காலை வீசணும்" என்று எனக்குப் பாடம் வேறு! தூக்கிய முட்டிதான் இப்போது வீங்கிக் கிடக்கிறது.

சாப்பாடு மேசைமேல். முட்டிக்கு ஐஸ் ஃப்ரீசரில். பத்து மணிக்குத் தச்சர் வருவார். காற்றடித்து உடைந்தது என்று அளக்காதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன், மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பி.கு.: யாராவது மணிக்கட்டைப் பிடித்தால், அவர் கட்டைவிரல் பக்கமாகத் திருகி உருவிக்கொள்ள வேண்டும் என்றீர்களே? நேற்றுச் சண்டையில் நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பியபோது நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். உங்கள் கை அப்படியே நின்றது. அந்த ஒரு தவறை மட்டும் மாஸ்டரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டாம்.