ஓடாத கம்ப்யூட்டரும் உன் சந்தனப் பொட்டும்

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை காலை உன் மகள் ஆயிஷா, தானே பாகம் பாகமாகப் பூட்டிய புதுக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் ஜெராக்ஸ் கடை மேசையில் அதை வைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. புது மதர்போர்டின் வாசனை. நாம் இதே இடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, பெட்டியைப் பிரித்ததும் மூக்கை நுழைத்து முகர்வாயே, அதேதான். என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலியில் பேப்பர் கட்டு இருந்தது.

"ஃபேன் சுத்துது மாமா. லைட்டு எரியுது. ஸ்கிரீன்ல மட்டும் ஒன்னுமே வர மாட்டேங்குது" என்றாள்.

அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை பெங்களூர் ஆபீசில் நிற்க வேண்டும். எதற்கும் இருக்கட்டுமென்று அன்று ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, துணியெல்லாம் பையில் அடுக்கிவிட்டாள். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் அம்மா ஒண்டியாள். நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கச்சியைப் பற்றி உன்னை அரித்த கவலையே அதுதான். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஒயரை மாற்றினேன், மானிட்டரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. கேபினட்டின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தது. அப்போதுதான் அந்தக் களிமண் பொம்மைப் பட்டறை முதலாளி ஞாபகத்துக்கு வந்தார்.

நாம் முதன்முதலாகப் பூட்டிக் கொடுத்த மெஷின் அவருக்குத்தான். சந்தனம், குங்குமம் வைத்த பிறகுதான் ஆன் பண்ண வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனேன். அதற்குள் பொட்டு வைக்கும் பொறுப்பை நீயே இழுத்துப் போட்டுக்கொண்டாய். பட்டனை அமுக்கினால் மெஷின் ஓடும். நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடும். மறுபடி அமுக்கினாலும் அதே கதை. "சகுனமே சரியில்லையேப்பா" என்று முதலாளி முகம் சுண்டிப்போனது. சாமான் அனுப்பியவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ சிரித்தாய்.

"மொதல்ல கோவத்தக் கழட்டி வைடா மச்சான். அப்புறம் மெஷினக் கழட்டலாம்."

எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். கடைசியில் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அது மாட்டியிருந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டாய். ஜம்மென்று ஓடியது. பட்டனின் இடுக்கில் போன சந்தனம், அமுக்கிய பட்டனை உடனே மேலே வர விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"பட்டன் மேலயாடா வப்ப?"

"மெஷினுக்கு நெத்தி எதுன்னு தேடுனேன். அது ஒன்னுதான் நெத்தி மாதிரி இருந்துச்சு."

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் நமக்குப் பேர் வந்ததே அந்தக் கதையால்தான்.

ஆயிஷாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவளையே மறுபடி மாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராம் மெமரி அட்டையை அவள் செருகவில்லை மச்சான், படுக்க வைத்தாள். காலேஜ் லீவில் அந்த முதலாளியின் பட்டறையில் பொம்மைகளைத் துடைத்து அடுக்கிய கை அது. சுடாத பொம்மையைக் கொஞ்சம் அழுத்தினாலும் கழுத்து கையோடு வந்துவிடும். அந்தப் பயம் விரலிலேயே தங்கிவிட்டது.

"நல்லா அழுத்தும்மா."

"ஒடைஞ்சிட்டா என்னா மாமா பண்றது?"

"ஒடையாது. டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்து."

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக். பட்டனைத் தட்டினேன். திரையில் எழுத்து வந்தது.

இதற்கா இவ்வளவு பாடு என்று கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் உன்னைவிட நான்தான் கெட்டிக்காரன். அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கத்துவதற்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு நிமிஷம் உன்னுடையது. அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் மனுஷர்களோடு காலம் தள்ளுகிறேன்.

ஆயிஷா அங்கேயே நின்று தங்கச்சிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ம்மா, பையில இருக்குற துணியெல்லாம் எடுத்து பீரோவுல வச்சுடு. நான் எங்கியும் போவல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ராத்திரிக்கு ரெண்டு பேருக்கு ஒல வைக்கிறேன்."

கேட்டாயா மச்சான்? ரெண்டு பேருக்கு.